சுருட்டுப் புகையிலை காயும்போது இலைக்குள் நடப்பது: கொட்டகைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புகையிலை காய்வது என்றால் தண்ணீர் வற்றுவது என்றுதான் புதிதாக வருகிற எல்லாரும் நினைக்கிறார்கள். அது மட்டும்தான் என்றால் கொட்டகையே வேண்டாமே. கோடை வெயிலில் விரித்துப் போட்டால் சில நாளில் இலை மொறுமொறுவென்று ஆகிவிடும். அப்படிக் காய்ந்த இலையைச் சுருட்டிப் பற்றவைத்தால் சங்கதி தெரிந்துவிடும்: பச்சைப் புல் எரிகிற நாற்றம், தொண்டையைப் பிடிக்கிற காரம், நாக்கில் கசப்பு. தண்ணீர் போய்விட்டது, உள்ளே இருந்த மாவுச்சத்தும் பச்சையமும் புரதமும் போகவில்லை.

கியூபாவின் பினார் டெல் ரியோ மாகாணத்தில் சுருட்டு இலையைக் கொட்டகை நிழலில் சுமார் 50 நாள் தொங்கவிடுகிறார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் இலை வகைக்கும் வானிலைக்கும் ஏற்ப பல வாரங்கள் ஆகின்றன. அத்தனை நாளும் கொட்டகையில் என்ன நடக்கிறது? பறித்த இலை உடனே சாவதில்லை. வேர் அறுந்துவிட்டது, வெயிலும் இல்லை, ஆனால் செல்கள் உயிரோடு மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கின்றன. வெளியிலிருந்து உணவு வராததால் தன் சேமிப்பைத் தானே கரைத்துத் தின்று, பட்டினியால் மெல்ல மெல்லச் சாகிறது. அந்தச் சாவின் வேகத்தைக் கையில் வைத்திருப்பதுதான் கொட்டகைக்காரரின் வேலை. ஈரம் சீக்கிரம் போய்விட்டால் வேலை முடியுமுன்பே இலை செத்துவிடும். ஈரம் போகாமல் தங்கிவிட்டால் செத்த இலையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த இரண்டுக்கும் நடுவில் வண்டியை ஓட்டுகிற சமாசாரம்தான்.

பறிக்கும்போது

கொட்டகையில் எவ்வளவு கவனமாக இருந்தாலும், பறிக்கிற நாளிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. இலை முற்றுவதற்கு அடையாளம் கரும்பச்சை வெளுத்து லேசாக மஞ்சள் தட்டுவது, நுனியும் ஓரமும் கீழ்நோக்கி வளைவது, காம்பை அழுத்தினால் நார் இழுக்காமல் படக்கென்று ஒடிவது. முற்றாத இலையில் பச்சையம் அதிகம். அது காய்ந்த பின்னும் பச்சைத் திட்டுகளாக நின்றுவிடும். அதிகம் முற்றிய இலை தடிப்பாகி, நிறம் ஒரே சீராக வராது. சுருட்டின் வெளியே சுற்றுகிற மேலுறை இலையைக் கொஞ்சம் முன்னதாகவும், உள்ளே நிரப்புகிற இலையை நன்றாக முற்றவிட்டும் பறிப்பது வழக்கம். மேலுறைக்கு மெல்லிய, இழுபடுகிற, ஒரே நிறமான இலை வேண்டும். உள்ளிலைக்கு மணமும் காரமும் முக்கியம், அழகு அப்புறம்.

செடியின் அடியிலிருந்து மேலே போகப் போக இலை ஒரே மாதிரி இருப்பதில்லை. அடி இலை மெலிசு, காரம் குறைவு. நுனிப் பக்கத்து இலை தடிப்பு, எண்ணெய்ப் பசை அதிகம், நிக்கோடினும் அதிகம். கியூபாவில் உள்ளிலையை அடியிலிருந்து மேலாக வொலாடோ, செக்கோ, லிஹேரோ என்று பிரிப்பது இதற்காகத்தான். தடித்த இலைக்குக் காய அதிக நாள் பிடிக்கும். அதனால் அடி இலையையும் நுனி இலையையும் ஒரே கழியில் கோக்காதீர்கள். ஒன்று பழுப்பாகி முடியும்போது மற்றது பாதி மஞ்சளில் நிற்கும். எதற்குக் கதவைத் திறப்பது, எதற்கு மூடுவது?

காலையில் பறிப்பதா மாலையில் பறிப்பதா என்பதற்கும் வேதியியல் உண்டு. பகலில் இலை மாவுச்சத்தைச் சேர்க்கிறது, இரவில் செலவழிக்கிறது. சாயங்கால இலையில் சேமிப்பு கூடுதல், கரைக்கவும் கூடுதல் வேலை. காலை இலையில் சேமிப்பு குறைவு, ஆனால் பனி இருக்கும். பனி உலர்ந்த பிறகு முற்பகலில் பறிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பனி உலரும்வரை பொறுக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. ஈரமான புகையிலை இலையில் நிக்கோடின் நீரில் கரைந்து தோல் வழியாக உடம்புக்குள் போகும். நாள் முழுக்க ஈர இலையை அணைத்துச் சுமக்கிறவர்களுக்குத் தலைசுற்றல், குமட்டல், வாந்தி வரும். புகைப் பழக்கமே இல்லாதவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். கையுறை, முழுக்கைச் சட்டை, நனைந்தால் உடனே மாற்றிக்கொள்வது, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. இதில் சோம்பல் கூடாது. சிறுவர்களை இந்த வேலைக்கு விடவே கூடாது.

பறித்த இலையைக் கசக்காமல், வெயிலில் போடாமல் கொண்டுவாருங்கள். கசங்கிய இடத்தில் செல் உடைந்து அன்றைக்கே கறுத்துவிடும். ஏன் கறுக்கிறது என்பதைப் பழுப்புக் கட்டத்தில் பார்க்கலாம்.

கொட்டகையும் கருவியும்

கியூபாவின் கொட்டகைகளைக் கிழக்கு மேற்காக நீளும்படி கட்டுகிறார்கள். காலை வெயில் ஒரு முனைச் சுவரிலும் மாலை வெயில் மறு முனையிலும் மட்டும் நேராக விழும். நீண்ட பக்கச் சுவர்கள் அதிகம் சூடாவதில்லை. இலைகளை இரண்டிரண்டாக நூலில் கோத்துக் கழிகளில் தொங்கவிட்டு, முதலில் கீழ்ப்பரணில் வைத்து, காயக் காய மேலே ஏற்றுகிறார்கள். கீழே ஈரமும் குளிர்ச்சியும், மேலே உலர்வும் சூடும் என்பதால் இலையின் பருவத்துக்கு ஏற்ற இடம் அதுவாகவே கிடைத்துவிடுகிறது. கனெக்டிகட்டில் வேறு மாதிரி: மரக் கொட்டகையின் பக்கப் பலகைகளில் சில கீல் வைத்துத் திறக்கும்படி இருக்கும், அதை வைத்தே காற்றைக் கூட்டிக் குறைப்பார்கள். மழை விடாமல் பெய்தால் உள்ளே எரிவாயு அடுப்பு எரித்து ஈரத்தை விரட்டுவதும் அங்கே உண்டு.

தனி இலையாகப் பறிக்காமல் செடியோடு வெட்டித் தொங்கவிடுகிற முறையும் இருக்கிறது. கனெக்டிகட்டின் அகன்ற இலை ரகத்தை அப்படித்தான் செய்கிறார்கள். தண்டிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருப்பதால் அது மெதுவாகக் காயும். இலையின் சத்தில் ஒரு பங்கு தண்டுக்கும் இறங்கிவிடும். புதியவர்கள் தனி இலை முறையில் தொடங்குவது நல்லது. கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு இலையும் தெரியும்.

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். வெப்பநிலையும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மானி இரண்டு: ஒன்று கீழே, ஒன்று மேலே. மலிவான மானிகள் பொய் சொல்லும், ஆகவே முதலில் சோதித்துவிடுங்கள். ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கரையாமல் ஈர மணல் போல நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மானியோடு காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதத்தில் நிற்கும். மானி 70 காட்டினால் இனி எப்போதும் 5 கூட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

எந்த அளவில் வைக்க வேண்டும்? இதே போல நிழற்காற்றில் காய்கிற பர்லி புகையிலைக்கு அமெரிக்காவின் கென்டக்கியில் சொல்கிற கணக்கு, வெப்பம் ஏறத்தாழ 16 முதல் 32 டிகிரி செல்சியஸ், சராசரி ஈரப்பதம் 65 முதல் 70 சதம் அல்லது கொஞ்சம் மேலே. இது நாள் முழுவதற்கும் சேர்த்த சராசரி; ஒவ்வொரு கட்டத்துக்கும் வேண்டிய அளவு கீழே வரும். பகலில் 50க்கு இறங்கி இரவில் 85க்கு ஏறினாலும் பயப்பட வேண்டாம். அந்த ஏற்ற இறக்கம் இலைக்கு நல்லதுதான். இரவில் இழுத்த ஈரத்தைப் பகலில் விடும். ஒரே பக்கமாக நாள்கணக்கில் நின்றால்தான் ஆபத்து.

இலைக்கும் இலைக்கும் நடுவே காற்று போக வழி இருக்கட்டும். பச்சை இலையில் 80 முதல் 90 சதம் வரை தண்ணீர். நூறு கிலோ பச்சை இலை ஏற்றினால் எண்பது கிலோ அளவுக்குத் தண்ணீர் அந்தக் கொட்டகைக் காற்று வழியாகத்தான் வெளியே போயாக வேண்டும். இதை நினைவில் வைத்தால் நெருக்கி அடுக்க மனசு வராது.

முதல் கட்டம்: மஞ்சள்

ஏற்றிய ஓரிரு நாளில் இலை துவண்டு தொங்கும். அப்புறம் நுனியிலும் ஓரத்திலும் மஞ்சள் தொடங்கி நடுநரம்பை நோக்கி நகரும். மெல்லிய இலையில் ஒரு வாரத்துக்குள் முடியலாம், தடித்த இலையில் இரண்டு வாரம்கூட இழுக்கும். இந்தக் கட்டம் முழுவதும் இலை உயிரோடு இருக்க வேண்டும். மொத்த வேலையிலும் முக்கியமான பகுதி இதுதான். பெரும்பாலான நல்லதும் கெட்டதும் இங்கேயே நிச்சயமாகிறது.

முதலில் கரைவது மாவுச்சத்து. இலையிலுள்ள அமைலேஸ் நொதிகள் அதைச் சர்க்கரையாக உடைக்கின்றன. அந்தச் சர்க்கரையை எரித்துத்தான் செல்கள் மூச்சு விடுகின்றன. கரியமில வாயுவும் தண்ணீரும் கொஞ்சம் சூடும் வெளியே வரும். கடைசியில் சுருட்டு இலையில் சர்க்கரை ஏறக்குறைய மிச்சமே இருக்காது. ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் விளைகிற சிகரெட் புகையிலையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அங்கே மூடிய சூளையில் சூடேற்றி ஒரு வாரத்துக்குள் உலர்த்துகிறார்கள். மாவு சர்க்கரையாக மாறியதும் சூட்டைக் கூட்டி இலையைக் கொன்றுவிடுவதால், சர்க்கரை எரியாமல் அப்படியே தங்கிவிடுகிறது. அந்த இலை எலுமிச்சை மஞ்சளாகவும் இனிப்பாகவும் இருப்பதற்கும், நம் சுருட்டு இலை பழுப்பாகவும் உறைப்பாகவும் இருப்பதற்கும் செடியின் ரகம் ஒரு காரணம், இந்த நாள் கணக்கு இன்னொரு காரணம்.

மாவு கரைந்ததா என்று கண்ணால் பார்க்க பள்ளிக்கூடத்து அயோடின் சோதனையே போதும். ஏற்றிய அன்று ஓர் இலைத் துண்டு, பிறகு சில நாளுக்கு ஒருமுறை ஒரு துண்டு. கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, ஆல்கஹால் ஊற்றிய சோதனைக் குழாயில் இட்டு, அந்தக் குழாயைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் நிறுத்துங்கள். அடுப்பை முதலில் அணைத்துவிடுங்கள், ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும். பச்சை நிறம் இறங்கி இலை வெளுத்ததும் கழுவிவிட்டு அயோடின் சொட்டு விடுங்கள். முதல் நாள் துண்டு கருநீலமாகும். மஞ்சள் கட்டம் ஒழுங்காகப் போனால் பின்னால் எடுத்த துண்டுகளில் நீலம் மங்கி, கடைசியில் அயோடினின் பழுப்பு மட்டும் தெரியும். மஞ்சளாகிவிட்ட இலையிலும் கருநீலம் வந்தால் ஈரம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கதவை மூடுங்கள், தரையில் தண்ணீர் தெளியுங்கள்.

மஞ்சள் நிறம் புதிதாக உண்டாவதில்லை. பச்சையம் சிதையச் சிதைய, அதன் அடியில் முன்பே இருந்த லூட்டீன், பீட்டா கரோட்டின் போன்ற நிறமிகள் வெளியே தெரிகின்றன, அவ்வளவுதான். இந்தக் கரோட்டினாய்டுகளும் பின்னால் மெல்ல உடையும். அந்த உடைசல்களில் அயனோன், டமாஸ்கினோன் போன்ற வாசனைப் பொருட்கள் பிறக்கின்றன. சுருட்டு மணத்தில் வரும் பூவாசமும் உலர்பழ வாசமும் ஒரு பங்கு அங்கிருந்து வருபவை. இலையின் மேல் ஒட்டுகிற பிசினும் அப்படித்தான்: நுண் மயிர்கள் சுரக்கும் அந்தப் பசையிலுள்ள செம்பிரனாய்டுகள் உடைந்து சோலனோன் என்ற வாசனைப் பொருள் வரும். கை பிசுபிசுக்கிறது என்று இலையைக் கழுவ நினைப்பவர்கள் உண்டு. கழுவினால் போவது மணம்தான்.

அடுத்தது புரதம். இலையின் புரதத்தில் பெரும்பங்கு ருபிஸ்கோ என்ற ஒரே நொதி. வெயிலில் இலைக்கு உணவு சமைத்துக் கொடுத்தது அதுதான். இருட்டில் அதற்கு வேலை இல்லை. புரதத்தை அறுக்கும் நொதிகள் அதை அமினோ அமிலங்களாக வெட்டுகின்றன. சர்க்கரை தீர்ந்த செல் அந்த அமினோ அமிலங்களையும் எரிக்கத் தொடங்குகிறது. எரித்தால் அம்மோனியா மிஞ்சும், அது செல்லுக்கு நஞ்சு. ஆகவே இலை அதை ஆஸ்பராஜின், குளூட்டமின் என்ற அமைடுகளாகக் கட்டி வைத்துக்கொள்கிறது. கனெக்டிகட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஹியூபர்ட் விக்கரியும் அவர் குழுவினரும் 1930-களில் இதை நுணுக்கமாக அளந்தார்கள். பறித்த புகையிலை இலைகளைக் காம்பு நீரில் நிற்கும்படி இருட்டில் வைத்து, நாளுக்கு நாள் உள்ளே என்ன மாறுகிறது என்று பார்த்தார்கள். புரதம் குறைகிறது, அமைடு ஏறுகிறது, மாலிக் அமிலம் இறங்குகிறது, சிட்ரிக் அமிலம் அந்த அளவுக்கு ஏறுகிறது. எலுமிச்சையில் உள்ள அதே சிட்ரிக் அமிலம்தான். கொட்டகையில் நடப்பதும் பெரும்பாலும் இதுவே.

புரதம் ஏன் உடைந்தாக வேண்டும்? உடையாத புரதம் எரிந்தால் முடி கருகுகிற நாற்றம் அடிக்கும். அவசரமாக உலர்த்திய இலையில் வருகிற அந்த நெடிக்கு இது ஒரு காரணம். பச்சையமும் புரதமும் போகாத இலையை எத்தனை மாதம் பிறகு போர் போட்டு, அதாவது குவியலாக அடுக்கிப் புளிக்கவிட்டு, பதப்படுத்தினாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. வேண்டுமென்றே பச்சையை நிறுத்துகிற ஒரு வகையும் உண்டு: காண்டெலா என்ற பச்சைநிற மேலுறை. முற்றுமுன் பறித்த இலையைச் சூடேற்றிச் சில நாளில் உலர்த்தி, பச்சையத்தை அப்படியே பூட்டிவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஒரு காலத்தில் அதற்கு நல்ல கிராக்கி இருந்தது. அது தனிக் கதை. உங்கள் கொட்டகையில் பச்சை நின்றால் அதைக் காண்டெலா என்று சொல்லி விற்க முடியாது.

மஞ்சள் கட்டத்தில் என்ன செய்வது என்று சுருக்கமாகச் சொன்னால்: கதவுகளைப் பெரும்பாலும் மூடிவையுங்கள், ஈரப்பதம் 75 முதல் 85 வரை இருக்கட்டும், தினமும் கொஞ்ச நேரம் திறந்து தேங்கிய காற்றை மாற்றுங்கள். வறண்ட காற்று அடிக்கிற ஊர்களில் மூடி வைப்பது மட்டும் போதாது. திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரத்தில் சுருட்டுப் புகையிலை நெடுங்காலப் பயிர். வேடசந்தூரில் 1948 முதல் புகையிலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. அங்கே தை, மாசிக்குப் பிறகு வீசுகிற காற்றில் இலை இரண்டே நாளில் சருகாகிவிடும். அத்தகைய இடத்தில் கழிகளை வழக்கத்தைவிட நெருக்கிக் கட்டி, காற்று வரும் பக்கத்தில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, மண் தரையை நனைத்து வைத்தால்தான் மஞ்சள் கட்டத்தை இழுத்துப் பிடிக்க முடியும்.

இரண்டாம் கட்டம்: பழுப்பு

முழு மஞ்சளான இலையின் ஓரத்தில் ஒரு நாள் பழுப்புக் கோடு தெரியும். அங்கே செல்கள் சாகத் தொடங்கிவிட்டன. உயிரோடு இருக்கும்வரை செல் ஃபீனால்களை ஓர் அறையிலும், அவற்றைத் தாக்கும் பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் நொதியை வேறோர் அறையிலும் பிரித்து வைத்திருக்கும். செத்ததும் சவ்வுகள் கிழிந்து இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்தால் ஃபீனால்கள் குயினோன்களாக மாறி, அமினோ அமிலங்களோடும் புரதத்தோடும் பின்னிப் பழுப்பு நிறமிகளாகின்றன. நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பது இதே வேலைதான், பொருள்கூட ஒன்றுதான்: கத்தரிக்காயிலும் புகையிலையிலும் முதன்மையான ஃபீனால் குளோரோஜெனிக் அமிலம். நறுக்கியதும் தண்ணீரில் போட்டு ஆக்ஸிஜனை மறைக்கிறோம் அல்லவா, இங்கே நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். ஆக்ஸிஜன் தாராளமாக வர வேண்டும்.

அதனால் பழுப்பு தொடங்கியதும் கொட்டகையை நடத்துகிற விதம் மாற வேண்டும். கதவுகளை அதிகம் திறங்கள், ஈரப்பதத்தை 65 முதல் 75 வரை இறக்குங்கள், கழிகளை ஒரு பரண் மேலே ஏற்றி இடைவெளியைக் கூட்டுங்கள். ஆனால் ஒரேயடியாக உலரவும் விடக்கூடாது. நொதி வேலை செய்யக் கொஞ்சம் ஈரம் வேண்டும். பாதி பழுப்பில் இலை உலர்ந்துவிட்டால் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக நின்றுவிடும். நிறம் சீராக அமைந்த நல்ல சுருட்டு இலையில் குளோரோஜெனிக் அமிலமும் ருட்டின் என்ற இன்னொரு ஃபீனாலும் பெரும்பாலும் தீர்ந்திருக்கும்.

மூக்கையும் பயன்படுத்துங்கள். முதல் நாட்களில் வெட்டிய புல்லின் பச்சை வாசம். மஞ்சளில் வைக்கோல் வாசம். பழுப்பில் அது கனத்து, கொஞ்சம் புளித்த இனிப்பாக மாறும். உள்ளே நுழைந்ததும் அழுகல் வாடை மூக்கில் அடித்தால் மானியைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். முதலில் எல்லாக் கதவையும் திறங்கள்.

கடைசிக் கட்டம்: நடுநரம்பு

இலைப்பரப்பு காய்ந்ததும் வேலை முடிந்ததாகத் தோன்றும். முடியவில்லை. காய்ந்த இலையின் எடையில் கால் பங்கு அளவுக்கு நடுநரம்பு; ஈரம் கடைசியாக வெளியேறுவது அதிலிருந்துதான். வெளியே இலை சருகாக இருக்கும்போதே நரம்பு உள்ளே குழைவாக இருக்கும். அப்படியே இறக்கி அடுக்கினால் அந்த ஈரம் இலைக்குள் ஊறிப் பூஞ்சை பூக்கும். ஒவ்வொரு கழியிலும் தடித்த நரம்பு எதுவோ அதைப் பிடித்து, காம்புப் பக்கத்தில் வளைத்துப் பாருங்கள். மொடுக்கென்று ஒடிந்தால் சரி. ரப்பர் போல வளைந்தால் இன்னும் சில நாள். இந்தக் கட்டத்தில் காற்றும் சூடும் எவ்வளவு இருந்தாலும் கெடுதல் இல்லை, இலைப்பரப்பின் வேதியியல் ஏற்கெனவே அடங்கிவிட்டது.

இதற்குள் இலை தண்ணீரை மட்டுமல்ல, தன் உலர்பொருளிலேயே ஒரு பகுதியையும் எரித்துத் தீர்த்திருக்கும். சுமார் 15 முதல் 20 சதம். எடைக்கு விற்கிறவர்களுக்கு இது வலிக்கும். அதைக் குறைக்கிறேன் என்று சீக்கிரம் காய வைத்தால் தரத்தில் அதைவிட அதிகம் போகும்.

நிக்கோடின் எங்கே போனது என்று எல்லாரும் கேட்பார்கள். கொட்டகையில் அது கொஞ்சம்தான் குறைகிறது. பெரிய இறக்கம் பின்னால் போரில் வைத்துப் புளிக்கவிடும்போது வரும். காற்றில் காய்ந்த இலை காரத்தன்மைப் பக்கம் (நாக்கில் படும் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரானது) சாய்வதால், சுருட்டுப் புகையின் நிக்கோடின் வாயின் தோல் வழியாகவே இரத்தத்தில் ஏறும். புகையை உள்ளே இழுக்கவில்லை, அதனால் ஒன்றும் ஆகாது என்கிற பேச்சு வேதியியல் கணக்கிலேயே தப்பு.

கெட்டால் எப்படித் தெரியும்

பச்சை நின்றுவிட்ட இலை: வேகமாக உலர்ந்தது, அல்லது குளிரில் மாட்டியது. குளிரில் ஈரம் எவ்வளவு இருந்தாலும் நொதிகள் நகராது, பச்சையம் கரையாது. இறுகி உலர்ந்த பச்சையைத் திரும்ப நனைத்து மஞ்சளாக்க முடியாது, செல்கள் செத்துவிட்டன. பிரித்துத் தனியாக வைப்பதைத் தவிர வழி இல்லை.

இன்னொரு கெடுதல் கொட்டகைப் புழுக்கம். மழை நாட்களில், சூடும் ஈரமும் சேர்ந்து 85 சதத்துக்கு மேல் ஒரு நாளைத் தாண்டி நின்றால், மஞ்சள் முடிந்து பழுப்பில் இருக்கிற இலை மிக எளிதாகக் கெடும். இலை கறுத்து, மெலிந்து, கையில் எடுத்தால் கனமே இல்லாமல், இழுத்தால் ஈரத் தாள் போலக் கிழியும். மேலுறைக்கு அது உதவவே உதவாது. கழிகளை விலக்குங்கள், விசிறி வையுங்கள், பாதி இலையை வேறு இடத்துக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். பூஞ்சை பட்ட இலைகளை உதறாமல் கழியோடு வெளியே கொண்டுபோங்கள். உதறினால் வித்துகள் கொட்டகை முழுக்கப் பரவும்.

உப்புக் கிணற்று நீர் பாய்ந்த வயலின் இலை நன்றாகவே காய்ந்தாலும் பற்றவைத்தால் அணைந்து அணைந்து போகும். அதில் குளோரைடு அதிகம். பொட்டாசியமும் கரிம அமிலங்களும் கனல் நிற்க உதவும், குளோரைடு அணைக்கும். கொட்டகையில் இதற்கு மருந்து கிடையாது.

நைட்ரேட்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், பழைய கையேடுகளில் இது வராது. நடுநரம்பில் நைட்ரேட் அதிகம் தங்கும். செல்கள் செத்த பிறகு, ஈரமும் சூடும் இருந்தால், இலையிலுள்ள பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட் நிக்கோடின் வகைப் பொருட்களோடு சேர்ந்து என்.என்.என், என்.என்.கே போன்ற நைட்ரசமீன்களை உண்டாக்கும். பச்சை இலையில் இவை கிட்டத்தட்ட இல்லை. மஞ்சள் முடிந்து பழுப்பு நடக்கிற வாரங்களில்தான் ஏறுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இவ்விரண்டையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. தழைச்சத்து உரத்தை அளவோடு போடுவது, பழுப்புக் கட்டத்தில் புழுக்கம் சேரவிடாமல் காற்றோட்டம் வைப்பது, எரிவாயுப் புகை நேராக இலையில் படாமல் பார்ப்பது ஆகிய மூன்றும் அளவைக் குறைக்கும். கடைசியாகச் சொன்னது அமெரிக்காவில் சிகரெட் புகையிலைச் சூளைகளில் 1990-களின் இறுதியில் தெளிவானது: அடுப்புப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளே இலையில் நைட்ரசமீனை ஏற்றின. குறைக்கலாம், இல்லாமல் செய்ய முடியாது. கேடில்லாத சுருட்டு என்று ஒன்று எந்தக் கொட்டகையிலிருந்தும் வெளியே வராது.

இறக்குவது

நரம்பு ஒடிகிற இலையைத் தொட்டால் நொறுங்கும். அந்த நிலையில் இறக்காதீர்கள். மழை மூட்டமான நாளோ பனி இறங்கிய விடியற்காலையோ வரும்வரை பொறுத்து, கதவுகளைத் திறந்துவிடுங்கள். இலை காற்றின் ஈரத்தை இழுத்துத் தோல் போலக் குழையும். கையில் கசக்கி விட்டால் ஒலி இல்லாமல் விரிய வேண்டும், நரம்பு மட்டும் இன்னும் ஒடிய வேண்டும். பதம் அதுதான். வெயில் ஏறுமுன் இறக்கி முடியுங்கள். அவசரத்துக்கு மேலிருந்து தண்ணீர் தெளிப்பவர்கள் உண்டு. சொட்டு விழுந்த இடமெல்லாம் கறை விழும். தெளித்தே ஆக வேண்டுமானால் இலையின் மேல் வேண்டாம், தரையில் தெளித்துக் கதவை மூடுங்கள்.

இறக்கிய இலையை அடி, நடு, நுனி என்றும், நிறம் என்றும் பிரித்துக் கட்டுங்கள். அடுத்து போர் போட்டுப் புளிக்க வைக்கும் வேலை. கொட்டகையில் மிஞ்சிய அமைடுகள் அங்கே உடைந்து அம்மோனியாவாக வெளியேறும், நிக்கோடின் இறங்கும், நிறம் இன்னும் ஆழமாகும். போருக்குள் ஒரு நீண்ட வெப்பமானியைச் செருகி வையுங்கள். கியூபாவில் முதல் போரை 35 டிகிரிக்கு மேல் ஏற விடுவதில்லை. அதைத் தாண்டுவது போலத் தெரிந்தால் போரைப் பிரித்து ஆறவிட்டு, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி மறுபடி அடுக்குங்கள்.